பின்கதவுக் கோடுகள்

செப்டம்பர் 2, செவ்வாய்

எட்டு வண்டிகளும் வந்துவிட்டன. ஒரு தொண்டு நிறுவனத்தின் ஆம்புலன்ஸ்கள். ஸ்ட்ரெச்சர், ஆக்சிஜன் எல்லாம் வேறு பட்டறையில் பொருத்தியாகிவிட்டது. வெளியே ஸ்டிக்கர் ஒட்டுவது மட்டும் எங்கள் வேலை. ஆயுத பூஜைக்கு முன்னால், 29ஆம் தேதிக்குள் எட்டும் போய்விட வேண்டும்.

முதலாளி ரஃபீக் பாய் படத்தைச் சுவரில் மாட்டினார். பக்கவாட்டில் பச்சையும் மஞ்சளும் மாறி மாறி வரும் பெரிய கட்டங்கள், இரண்டு வரிசை. பின்கதவில் சிவப்பும் மஞ்சளும் சாய்கோடுகள், நடுவிலிருந்து இரண்டு பக்கமும் ஓட்டுக் கூரை மாதிரி இறங்க வேண்டும். எல்லாமே ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர், வெளிச்சம் பட்டால் திருப்பி அடிப்பது.

பாயின் மேசையில் போன வருடத்து டைரி ஒன்று எழுதாமல் கிடந்தது, இரும்புக்கடை விளம்பரம் போட்டது. கேட்டேன், கொடுத்தார். தேதியை மட்டும் நானே எழுதிக்கொள்கிறேன்.

கரூரில் பன்னிரண்டு வருடம் பஸ் பாடி கட்டும் பட்டறைகளில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறேன். பேர், பூ, மயில், அருவி. இங்கே வந்து ஆறு மாதம் ஆகிறது. வீட்டிலிருந்து நடக்கிற தூரம், அதனால்தான் மாறினேன்.

செப்டம்பர் 3, புதன்

மழை. ஈரக் காற்றில் ஒட்டினால் பிடிக்காது. இரண்டு வண்டியைக் கழுவி ஸ்பிரிட் போட்டுத் துடைத்ததோடு சரி.

செப்டம்பர் 5, வெள்ளி

முதல் வண்டி முடிந்தது.

பஸ் ஸ்டிக்கருக்குச் சோப்புத் தண்ணீர் தெளித்துக்கொள்ளலாம், கோணலானால் நகர்த்தலாம். இது தடிமன். காய்ந்த தகரத்தில் ஒரே தடவையில் உட்கார வேண்டும். என்னோடு வேலை செய்யும் லோகநாயகி ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள, நான் பின்தாளைக் கொஞ்சம் கொஞ்சமாக உரித்து ரப்பர் பட்டையால் இழுத்துக்கொண்டே போவேன். பட்டை அந்தக் கடைசிக்குப் போய்ச் சேரும்வரை இரண்டு பேரும் பேசுவதில்லை. கதவு இடுக்கு வரும் இடத்தில் பிளேடால் அறுத்து, ஓரத்தை உள்ளே மடித்து, ஹீட் கன் காட்டி அழுத்த வேண்டும். அதை விட்டால் ஒரே வருடத்தில் உரிந்து தொங்கும்.

பின்கதவுக் கோடுகளை வெட்டும்போது ஒன்று கண்டுபிடித்தேன். எல்லாக் கோட்டையும் ஒரே பக்கமாக வைத்து வெட்டினால் ஓரத்தில் முக்கோணத் துண்டுகள் வீணாகும். ஒன்றை நேராகவும் அடுத்ததைக் குறுக்காகவும் போட்டு வெட்டினால் வீணே இல்லை. பாய் பார்த்துவிட்டு, இத்தனை வருடத்தில் தனக்கு இது தோன்றவில்லையே என்றார். சந்தோஷமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவர் என் தலைமுடியில் ஒட்டியிருந்த மஞ்சள் துண்டை எடுத்தார். அவர் என்றால் என் வீட்டுக்காரர், குமரேசன். வீட்டிலேயே உட்கார்ந்து பெட்ஷீட்டுக்குப் பிசிறு வெட்டிக் கொடுக்கிறார். துண்டை ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்துவிட்டு, பஸ்ஸுக்கு இவ்வளவு மினுக்கமாக ஒட்டுகிறார்களா என்று கேட்டார். டூரிஸ்ட் பஸ் என்று சொன்னேன்.

செப்டம்பர் 8, திங்கள்

வண்டிகளைச் சோதிக்க நிறுவனத்திலிருந்து ஆள் வந்தது. முப்பது வயது இருக்கும் ஒரு பெண். வலது காலை இழுத்து நடக்கிறாள், கையில் ஊன்றுகோல். முடிந்த இரண்டு வண்டியையும் ஓரம் ஓரமாக விரலால் தடவிப் பார்த்தாள். சக்கர வளைவில் ஒரு காற்றுக் குமிழ் இருந்ததை எனக்கு முன்னால் அவள் கண்டுபிடித்தாள். மரியாதையாகப் பேசுகிறாள், என்னை அக்கா என்கிறாள்.

கழுத்து அட்டையில் பேர் இருந்தது. ஹெப்சிபா.

படித்தேன். பிறகு போய்த் தண்ணீர் குடித்தேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

வேலைக்குப் போகவில்லை. தலைவலி.

செப்டம்பர் 10, புதன்

எழுதிவிடுகிறேன். யார் படிக்கப் போகிறார்கள்.

போன வருடம் தை மாதம், விடியும் நேரம், திண்டுக்கல் ரோட்டில் ஒரு வளைவு. நின்றுகொண்டிருந்த ஆம்புலன்ஸின் பின்னால் ஒரு லாரி மோதியது. லாரி ஓட்டியவர் என் வீட்டுக்காரர். ஆம்புலன்ஸிலிருந்து இறங்கி நின்ற உதவியாளர் பெண்ணுக்குக் கால் நசுங்கிவிட்டது. போலீஸ் எழுதிய காகிதத்தில் அவள் பேர் நான்கு இடத்தில் வருகிறது. அந்தக் காகிதத்தை நான் எத்தனையோ தடவை படித்திருக்கிறேன்.

தூக்கக் கலக்கத்தில் மோதினார் என்று எழுதியிருக்கிறார்கள். இவர், வண்டி தெரியவில்லை என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். பின்கதவு முழுக்க ரிஃப்ளெக்டர் ஒட்டிய ஆம்புலன்ஸ் எப்படிய்யா தெரியாமல் போகும் என்று எங்கள் வக்கீலே கேட்டார். அதற்குப் பிறகு இவர் பேசுவதை நிறுத்திவிட்டார். வழக்கு நடக்கிறது. லைசென்ஸ் கோர்ட்டில் இருக்கிறது. கோர்ட்டுக்குத் தவிர வெளியே போவதில்லை.

இந்தப் பட்டறையில் ஆம்புலன்ஸ் வேலை நடக்கிறது என்று நான் அவரிடம் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது.

செப்டம்பர் 12, வெள்ளி

நான்கு வண்டி முடிந்தது. மதியம் ஹெப்சிபா எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். லோகநாயகி எதையும் யோசிக்காமல் கேட்டுவிடுவாள். காலுக்கு என்ன என்று கேட்டாள்.

ஹெப்சிபா மறைக்கவில்லை. அன்று ஓடிக்கொண்டிருந்த வண்டி திடீரென்று நின்றுவிட்டதாம். ஒரு லைட்டும் எரியவில்லை, மேலே சுழலும் விளக்குகூட. டிரைவர் முன்னால் போய் பானெட்டைத் திறந்தார். இவள் எச்சரிக்கை முக்கோணத்தை ரோட்டில் வைக்கப் பின்பக்கம் போனாள். மூடுபனி. உள்ளே நோயாளி யாரும் இல்லை, அது ஆண்டவர் கிருபை என்றாள். ஆறு ஆபரேஷன். இனி வண்டியில் போக முடியாது என்பதால் சோதிக்கும் வேலைக்கு மாற்றியிருக்கிறார்கள்.

பிறகு சொன்னாள்:

"அந்த லாரி டிரைவர்தான்க்கா ஓடி வந்து துண்டைக் கிழிச்சு என் காலைக் கட்டினார். 'தெரியலையே கண்ணு, தெரியலையே கண்ணு'ன்னு அதையேதான் சொல்லிட்டிருந்தார். தூங்கிட்டார்னு அப்புறம் சொன்னாங்க. இருக்கலாம். எனக்கு அந்தக் குரல்தான் ஞாபகம் இருக்கு, முகம் இல்லை."

என் வீட்டுக்காரர் என்ன வேலை செய்கிறார் என்று கேட்டாள். பெட்ஷீட் வேலை என்றேன். பொய் இல்லை.

காலைக் கட்டியதை அவர் என்னிடம் சொன்னதில்லை. அன்று என்ன நடந்தது என்று நானும் உட்கார்ந்து கேட்டதில்லை.

செப்டம்பர் 13, சனி

முதல் இரண்டு வண்டிகளை அவசரமாகத் தேவை என்று எடுத்துப் போய்விட்டார்கள். பாய் தேங்காய் உடைக்க ஏற்பாடு செய்திருந்தார்.

செப்டம்பர் 15, திங்கள்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

ஆறு வண்டி முடிந்துவிட்டதால் ஹெப்சிபா வெளிச்சச் சோதனை வைத்தாள். மதியம் ஷட்டரை இறக்கி, ஜன்னலுக்குத் தார்ப்பாய் கட்டி, பட்டறையை இருட்டாக்கினோம். வண்டிக்கு நேர் பின்னால் நின்று டார்ச் அடித்தாள். பட்டறையில் இருந்த நான்கு வண்டிகளின் பின்கதவும் தீப்பிடித்த மாதிரி எரிந்தன. பிரமாதம் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள்.

நான் சுவர் ஓரமாகத் தார்ப்பாயை அவிழ்க்கப் போனேன். கையில் செல்போன் வெளிச்சம். அங்கிருந்து தற்செயலாகத் திரும்பியபோது, கதவில் பாதிக் கோடுகள் இல்லை. ஒன்று விட்டு ஒன்று அணைந்து கிடந்தன. இரண்டு அடி நகர்ந்தேன், எரிந்தன. திரும்பி வந்தேன், அணைந்தன.

எல்லோரும் போன பிறகு ரோலை எடுத்துப் பார்த்தேன். பின்தாளில் சின்னச் சின்ன அம்புக்குறி அச்சாகியிருக்கிறது. கம்பெனி முத்திரை என்று நினைத்திருந்தேன். எல்லாத் துண்டுக்கும் அம்பு ஒரே பக்கம் பார்க்க வேண்டும் என்பதற்கான குறி அது. பக்கவாட்டுக் கட்டங்களை அப்படித்தான் வெட்டியிருக்கிறோம், அவை சரி. பின்கதவுக் கோடுகளைத்தான் நான் ஒன்றை நேராகவும் ஒன்றைக் குறுக்காகவும் வெட்டினேன். குறுக்கே வெட்டியது, நேராகப் பார்த்தால் எரிகிறது. சாய்வாகப் பார்த்தால் செத்துவிடுகிறது.

யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு வண்டி ரோட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது.

செப்டம்பர் 16, செவ்வாய்

வேலையில் கை ஓடவில்லை. சாயங்காலம் வந்ததும் அவர் எதிரில் உட்கார்ந்து, அன்றைக்கு உங்கள் கண்ணுக்கு என்னதான் தெரிந்தது என்று கேட்டேன். ஒன்றரை வருடத்தில் முதல் தடவையாக.

கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். எழுந்து போய்விடுவாரோ என்று நினைத்தேன்.

"செவப்பா துண்டு துண்டாத் தெரிஞ்சுது புள்ள. ரோட்டு வேலைக்காரங்க ஓரமா கம்பு நட்டு வெப்பாங்கல்ல, அந்த மாதிரி. நடுவால இருட்டு. கம்புக்கு அந்தாண்ட ரோடு போகுதுன்னு நெனச்சேன். கிட்ட வந்தப்புறம்தான் அது கதவு."

அவ்வளவுதான் சொன்னார். மறுபடியும் பிசிறு வெட்ட ஆரம்பித்தார். நான் அடுப்படிக்குப் போய் வெகு நேரம் நின்றேன். சாதம் அடிப்பிடித்துவிட்டது.

ஒன்றை இதுவரை எழுதவில்லை. வக்கீல் ஆபீஸ் மாடிப்படியில் நான் தனியாக நின்று வக்கீலிடம் சொன்னேன்: ரெண்டு நாளா தூங்காம ஓட்டினாருங்க, கண்ணசந்திருப்பார், அப்படியே ஒத்துக்கச் சொல்லிப்போடலாம். திரும்பியபோது இவர் இரண்டு படி கீழே செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். காதில் விழுந்ததா என்று இன்றுவரை தெரியாது.

செப்டம்பர் 17, புதன்

பாயிடம் சொன்னேன். ஷட்டரை இறக்கிக் காட்டினேன். அவர் நேராக நின்று பார்த்தார், பக்கவாட்டில் போய்ப் பார்த்தார், பிறகு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"ரோட்டுல ஓடற பாதி வண்டிக்கு இதுகூட இல்லைம்மா. மேடம் கையெழுத்தும் போட்டாச்சு. இன்னும் பன்னெண்டு நாள்தான் இருக்கு. ஆறையும் உரிச்சு மறுபடி ஒட்டணும்னா எப்படி முடியும்?"

தப்பு என்னுடையது, ஞாயிற்றுக்கிழமையும் வந்து நானே உரிக்கிறேன் என்றேன். யாருக்கும் தெரியாத தப்புக்கு எதற்கு இவ்வளவு என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை.

நான் வேலை கேட்டு வந்தபோது, பஸ் வேலை இருக்கிறது என்று அவர் சொல்லியும், ஆம்புலன்ஸ் வேலை எப்போது வரும் என்று மூன்று தடவை வந்து கேட்டேனே, அது எதற்காக என்றார்.

சொன்னேன். முழுக்கச் சொன்னேன். கேட்டுவிட்டு எழுந்து போய், புது ரோலுக்கு போன் போட்டார்.

நான் ஹெப்சிபாவைப் போனில் கூப்பிட்டு ஸ்டிக்கர் விஷயத்தைச் சொன்னேன். எடுத்துப் போன இரண்டு வண்டியையும் இன்றே நிறுத்தச் சொல்கிறேன், நாளை மதியம் நேரில் பார்க்கிறேன் என்றாள். நான் யார் என்று சொல்ல வாய் வரவில்லை.

செப்டம்பர் 18, வியாழன்

காலையில் காபி கொடுத்துவிட்டு அவரிடம் சொன்னேன், நான் ஒட்டுவது டூரிஸ்ட் பஸ் இல்லை, ஆம்புலன்ஸ் என்று. கோடுகளைப் பற்றிச் சொன்னேன். மதியம் யார் வரப்போகிறாள் என்பதையும் சொன்னேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனார். சட்டை மாட்டிக்கொண்டு வந்தார்.

"போலாம்."

என் பின்னாலேயே நடந்து வந்தார்.

மதியம் பட்டறையை இருட்டாக்கினார்கள். பாய் தன் வேனைக் கொண்டுவந்து ஹெட்லைட்டைப் போட்டார். ஹெப்சிபா நோட்டோடு வேன் பக்கத்தில் நின்றாள். நேராகப் பார்க்கும்போது எல்லாக் கோடும் எரிந்தன. எங்கே தப்பு என்று அவள் கேட்டாள். சுவர் ஓரம் நின்ற அவர் சொன்னார்:

"வண்டியைக் கொஞ்சம் சாய்ச்சு நிறுத்துங்க. அது வளைவுங்க."

ஹெப்சிபா எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தினாள். திரும்பவில்லை.

ஆம்புலன்ஸை முன்னால் எடுத்துச் சாய்த்து நிறுத்தினோம். பாதிக் கோடுகள் அணைந்தன. மிச்சம் இருந்தவை தனித்தனியாக, ஒன்றுக்கொன்று சம்பந்தம் இல்லாத கம்புகள் மாதிரி நின்றன. கதவு இல்லை. வண்டி இல்லை.

"அன்னைக்கு இப்படியா தெரிஞ்சுது?" என்று ஹெப்சிபா கேட்டாள். இன்னும் திரும்பவில்லை.

"இப்படித்தாம்மா. பனி வேற."

அவள் ஊன்றுகோலை ஊன்றி ஊன்றி ஆம்புலன்ஸின் பின்பக்கம் போய், பம்பரை ஒட்டி, அணைந்த கோடுகளுக்கு முன்னால் நின்றாள். அன்று நின்ற மாதிரி என்று புரிந்தது. ஹெட்லைட்டைப் பார்த்தபடி நின்றாள். லோகநாயகி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். பாய் லைட்டை அணைத்துவிட்டு ஷட்டரை ஏற்றினார்.

ஹெப்சிபா வந்து அவர் முன்னால் நின்றாள். உங்கள் முகம் எனக்கு ஞாபகம் இல்லை, இப்போதுதான் பார்க்கிறேன் என்றாள். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். அவள் அந்தக் கையைப் பிடித்து இறக்கிவிட்டாள். போட்ட கையெழுத்தை அடித்தாள். வாசலில் என்னிடம் மட்டும், "நீங்க முதல்லயே சொல்லியிருக்கலாம்க்கா" என்றாள்.

ஆமாம் என்றேன்.

செப்டம்பர் 19, வெள்ளி

ரோட்டிலிருந்து இரண்டு வண்டியும் திரும்பி வந்தன. ஆறு பின்கதவு உரிக்க வேண்டும். ஒட்டுவதைவிட உரிப்பது கஷ்டம். ஹீட் கன் காட்டி, ஓரத்தைக் கிளப்பி, சாய்த்து இழுக்க வேண்டும். அவசரப்பட்டால் பெயின்ட்டும் சேர்ந்து வரும்.

அவரும் வந்தார். யாரும் கூப்பிடவில்லை. என் பக்கத்தில் நின்று பசையைத் துடைத்துக்கொண்டு வந்தார். மூன்றாவது கோட்டில் சொல்லிவிட்டேன். கதவைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"நான் உங்களை நம்பலைங்க. வக்கீல்கிட்ட நான்தான் தூங்கிட்டார்னு சொன்னேன்."

"தெரியும்."

"அப்பறம் ஏன் ஒரு வார்த்தை கேக்கலை?"

துணியை மடித்து வேறு பக்கத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எல்லாரும் சொன்னீங்க. கொஞ்ச நாள்ல எனக்கே சந்தேகம் வந்துருச்சு புள்ள. தூங்கித்தான் போயிட்டனோ, அந்தக் கம்பெல்லாம் கனாவோன்னு. கனாவில்லைன்னு நேத்துத்தான் தெரிஞ்சுது."

அடுத்த கோட்டின் ஓரத்தை நான் கிளப்பினேன். அவர் பிடித்து இழுத்தார்.

செப்டம்பர் 23, செவ்வாய்

நான்கு பின்கதவு புதிதாக ஒட்டியாகிவிட்டது. அம்பு எல்லாம் மேலே பார்க்கிறது. ஒவ்வொரு துண்டையும் வெட்டும் முன் லோகநாயகி சத்தமாக "மேலே" என்கிறாள், நான் "மேலே" என்கிறேன்.

ஹெப்சிபா வந்தாள். பழைய ஆம்புலன்ஸைத் தேடிப் போயிருக்கிறாள். கதவுகளைக் கழற்றி எப்போதோ பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்களாம். அதில் யார் எப்படி ஒட்டியிருந்தார்கள் என்று இனி யாராலும் காட்ட முடியாது. அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

ஆனால் அவள் எங்கள் வக்கீலைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். கூண்டில் ஏறும்போது, இந்தப் பட்டறையில் தன் கண்ணால் பார்த்ததைச் சொல்வாளாம். துண்டைக் கிழித்துக் கட்டியதையும் சொல்வாளாம். கோர்ட் எடுத்துக்கொள்ளுமா என்று வக்கீலால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

செப்டம்பர் 28, ஞாயிறு

எட்டும் முடிந்தது.

காலையில் ஹெப்சிபா சோதனை வைத்தாள். நேராக, இடமிருந்து, வலமிருந்து, தரையில் உட்கார்ந்து. ஒவ்வொரு வண்டிக்கும் அவரைக் கூட்டிக்கொண்டு போய், இங்கிருந்து தெரிகிறதா, இங்கிருந்து தெரிகிறதா என்று கேட்டாள். தெரிகிறது, தெரிகிறது என்று எட்டு வண்டிக்கும் சொன்னார். பிறகுதான் கையெழுத்து.

பாய் வீட்டிலிருந்து பிரியாணி வந்தது. சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்து பார்க்கிறேன், கடைசி வண்டிக்குப் பக்கத்தில், ஸ்டிக்கர் ரோல் வந்த அட்டைப் பெட்டியை விரித்து அதன் மேல் அவர் படுத்துத் தூங்குகிறார்.

அந்தத் தை மாதத்துக்குப் பிறகு அவர் தூங்கி நான் பார்த்ததில்லை. நான் கண் மூடும்வரை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார், நான் எழும்போது எழுந்து உட்கார்ந்திருப்பார். பகலில் ஒரு கொட்டாவி வந்தால்கூட எழுந்து வெளியே போய்விடுவார். இன்று வாயைத் திறந்து, ஒரு கையைத் தலைக்கு வைத்து, இத்தனை பேர் நடமாடும் இடத்தில் குறட்டை விடுகிறார்.

மூன்று மணிக்கு எட்டு டிரைவர்களும் வந்தார்கள். ஒருவர் ஏறி உட்கார்ந்து சாவியைப் போட்டார். பாய் கையைக் காட்டி நிறுத்தினார். என்ன விஷயம் என்று டிரைவர்கள் ஹெப்சிபாவைப் பார்த்தார்கள்.

அவள் எட்டிப் பார்த்துவிட்டு வந்து, வாசல் படியில் காலை நீட்டி உட்கார்ந்தாள்.

"இருக்கட்டும்ணா. ஒண்ணும் அவசரம் இல்லை."

டிரைவர்களும் உட்கார்ந்தார்கள். லோகநாயகி டீ சொல்லப் போனாள். எட்டு ஆம்புலன்ஸும் முக்கால் மணி நேரம் அப்படியே நின்றன.